எல்லோருக்கும் 110/70

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். வாழப்பாடிப் பக்கம் 17 வருடம் கிராம சுகாதார செவிலியராக (வி.எச்.என்.) இருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் பகுதி சுகாதார செவிலியராகப் பதவி உயர்வு பெற்று ஏற்காடு மலைக்கு வந்திருக்கிறேன். ஆறு துணை சுகாதார நிலையங்கள் என் பொறுப்பு. அதில் ஒன்றில் இருக்கும் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். பயிற்சிக் காலத்தில் அவரிடம்தான் ஊசி போடவே கற்றுக்கொண்டேன். குடும்பச் சூழ்நிலையால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டவர். இப்போது அவருடைய பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஏதாவது கேட்டால், "நீ எப்ப மேடம் ஆன?" என்கிறார். இன்னொரு நிலையத்தில் பி.எஸ்சி. படித்த இளம் இடைநிலை செவிலியருக்கும் வி.எச்.என்.னுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மாதக் கூட்டத்தில் எண்ணிக்கை குறைந்தால் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்குவது நான். போன மாதம் ஒரு ஊரில் வீட்டிலேயே பிரசவம் நடந்துவிட்டது. எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. யாரையும் கடிந்து பேச எனக்கு வராது. தலைமைப் பொறுப்புக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. பதவி உயர்வைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கீழே இறங்கிவிடலாமா?

– ஒரு பகுதி சுகாதார செவிலியர், ஏற்காடு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அக்கா சொன்ன வார்த்தையும் கூட்டத்தில் வாங்கிய பேச்சும்தான் உங்களை அதிகம் வலிக்கவைத்திருக்கின்றன என்று தெரிகிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. "எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது."

அந்த நான்கு நாளில் என்னென்ன போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைட்டிஸ் பி முதல் டோஸ் போயிற்று. வைட்டமின் கே ஊசி போயிற்று. வீட்டில் பிறந்த குழந்தையை முதல் நாளும் மூன்றாம் நாளும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருகையும் போயிற்று. பிரசவமான பெண்ணுக்கு உதிரப்போக்கு ஆபத்து அதிகமாக இருக்கிற முதல் ஒரு நாள், யாரும் பார்க்காமலே கடந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இருக்கட்டும். ஆனால் அந்த ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அங்கன்வாடி ஆயாவுக்குத் தெரிந்திருக்கும், ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் வி.எச்.என்.னுக்கு இரண்டாம் நாளாவது தெரிந்திருக்கும். உங்களிடம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் உங்கள் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். இதுவரை இரண்டு மூன்று பேரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

1996 வாக்கில், சேலம் மாவட்டத்தில் இல்லை, வேறொரு மாவட்டத்தில் நான் உங்கள் பதவியில் இருந்தேன். கண்டிப்பானவள் என்று பேர். கையில் சிவப்பு பேனா. யாருடைய பதிவேட்டில் கட்டம் காலியாக இருக்கிறதோ, அதைச் சுற்றி வட்டம் போட்டு, கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்பேன். என் மேலே இருந்தவர்கள் என்னைக் கேட்டதைத்தான் நான் கீழே கேட்டேன். அப்படித்தான் வேலை நடக்கும் என்று நம்பினேன். என் கீழே இருந்த ஒரு வி.எச்.என். பதிவேட்டில் மட்டும் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கும். மற்றவர்களிடம் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஒரு ராத்திரி அவர் பகுதியிலிருந்து முப்பத்து நான்கு வாரக் கர்ப்பிணி ஒருத்தியை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் வீக்கம். வழியிலேயே இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் வருவது அது. தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை இல்லை. மறுநாள் காலை பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் 110/70. போன மாதமும் 110/70. அதற்கு முந்தின மாதமும் அதேதான். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பெண்ணுக்கும் 110/70. ஐந்து மாதமாக அந்தத் துணை நிலையத்தில் இருந்த அத்தனை கர்ப்பிணிக்கும் 110/70. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது.

அவரை அழைத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பி.பி. கருவி ரப்பர் குழாய் ஓட்டையாயி அஞ்சு மாசம் ஆச்சுங்க. சொன்னா ஏன் பத்திரமா வச்சுக்கலைன்னு கூட்டத்துல நிக்க வப்பீங்கன்னு பயமா இருந்துச்சுங்க."

ஒரு முழம் ரப்பர் குழாய், தங்கச்சி. அதைக் கேட்க முடியாத இடத்தில் நான் அவரை வைத்திருந்தேன். அவர் செய்தது தவறுதான், அதற்கு விசாரணையும் நடந்தது. ஆனால் அந்தப் பொய்யை எழுதவைத்தவள் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை, என் பேர் எந்த அறிக்கையிலும் வரவில்லை. அதனால் எனக்கு அது ஆறவே இல்லை.

ஆகவே கடிந்து பேச வராது என்று நீங்கள் வருத்தப்படுவது எனக்கு வருத்தமாக இல்லை. உங்களிடம் கடுமை இல்லாமலே உங்கள் ஆட்கள் மறைக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களிடம் பட்டதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் யார் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. பதவி மட்டும்தான் தெரியும். அந்த ஆறு பேரும் உள்ளதை உள்ளபடி சொன்னால் அவர்களுக்குக் கெடுதல் வராது என்று நிரூபிப்பதுதான் இந்த வருடம் முழுவதும் உங்கள் முதல் வேலை. மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

எப்படி நிரூபிப்பது? வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூடப் போங்கள். ஆய்வு என்று முன்கூட்டியே சொல்லிப் போவது ஒன்று, கூட வேலை செய்யப் போவது ஒன்று. நான் சொல்வது இரண்டாவது. ஒருவருக்கு ஒரு முழு நாள், ஆறு பேருக்கு ஆறு நாள். காலையில் அவர் கிளம்புகிற பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். வேக்சின் கேரியரை நீங்கள் தூக்குங்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து காப்பித் தோட்டத்துக்குள்ளே ஊர் வரைக்கும் எத்தனை நேரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று உங்கள் காலுக்குத் தெரியட்டும். முதல் தடவை போகும்போது பதிவேட்டைத் திறக்கவே திறக்காதீர்கள்.

பையைப் பாருங்கள். பி.பி. கருவியில் பேட்டரி இருக்கிறதா, கை பட்டை பிய்ந்திருக்கிறதா, எடை மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா, சிறுநீர்ப் பட்டை காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை நீங்கள் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் நீங்களே கையில் கொண்டுவந்து கொடுங்கள். ஒரே ஒரு பேட்டரிதான் என்றாலும் சரி. அந்தச் செய்தி ஆறு நிலையத்துக்கும் சாயங்காலத்துக்குள் போய்விடும். உங்கள் பேச்சு செய்யாததை அது செய்யும்.

பிறகு ஒரு நாள் இருவரும் சேர்ந்து ஒரே பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பாருங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு நீங்கள் பாருங்கள். வருகிற எண்ணை அப்படியே எழுதுங்கள். பதிவேட்டில் எண் எல்லாம் பூஜ்யத்திலேயே முடிகிறதா, எல்லோருக்கும் ஹீமோகுளோபின் 10.2 என்றே இருக்கிறதா, போன மாதத்தைவிடச் சரியாக ஒவ்வொரு கிலோதான் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கண்ணில் தானாகப் படும். 17 வருடம் எழுதிய கை உங்களுடையது, எது பார்த்து எழுதியது, எது உட்கார்ந்து எழுதியது என்று தெரியாமலா போகும்? அப்படிப் பட்டால் சிவப்பு பேனாவை எடுக்காதீர்கள். "இதுல எந்தக் கஷ்டத்துல இப்படி ஆச்சு?" என்று தனியாகக் கேளுங்கள். முதல் தடவை பதில் வராது. இரண்டாவது தடவையும் வராமல் போகலாம்.

சமவெளியில் பழகிய நமக்கு மலையில் சில விஷயம் புதிது. ஐஸ் பேக்கை எடுத்தவுடன் கேரியரில் வைக்கக் கூடாது, வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வாழப்பாடி வெயிலில் அது சீக்கிரம் நடக்கும். மார்கழிப் பனியில் ஏற்காட்டில் நேரமாகும். அவசரத்தில் வைத்தால் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்து வீணாகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே புதன்கிழமை காலையில் எத்தனை மணிக்கு ஐஸ் பேக்கை வெளியே எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பஸ் நேரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது பஸ்ஸை அல்ல, முகாம் தொடங்கும் நேரத்தை. அதை மாற்ற அவரால் முடியாது, நீங்கள் பேசினால் முடியும்.

அதேபோல் காப்பிப் பழம் பறிக்கிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பெண்கள் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். "கூப்பிட்டும் வரலைங்க" என்று உங்கள் வி.எச்.என். எழுதினால் அது பொய்யில்லை. பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் வீட்டில் பாட்டியும் கோழியும்தான் இருப்பார்கள். சாயங்காலம் போகலாம், ஆனால் திரும்பி வரக் கடைசி பஸ் கிடைக்காது. அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் டூர் புரோகிராமை மாற்றி, வாரத்தில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் ஆரம்பித்து, தோட்டத்து வாசலிலோ கூலி கொடுக்கிற இடத்திலோ பரிசோதனை வைக்க மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திரும்பி வர வண்டிக்கும் அதிலேயே கேளுங்கள். எஸ்டேட் மேஸ்திரியிடமும் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடமும் நீங்கள் நேரில் போய்ப் பேசுங்கள். அங்கே உங்கள் பதவிக்கு மதிப்பு உண்டு, அதை இதற்குப் பயன்படுத்துங்கள்.

இப்போது அந்த வீட்டுப் பிரசவம். அதை யார் குற்றம் என்று தேடாமல், அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நீங்களும் வி.எச்.என்.னும் சேர்ந்து போய் உட்கார்ந்து, வலி ஆரம்பித்ததிலிருந்து என்ன நடந்தது என்று மணிவாரியாகக் கேளுங்கள். தாமதத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். மலையில் முதல் இரண்டும் பின்னிக்கொண்டு கிடக்கும். ராத்திரி ஜீப் கிடைக்குமா என்ற சந்தேகத்திலேயே விடியட்டும் என்று முடிவெடுத்துவிடுவார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப் போய் 108-க்குப் பேச வேண்டியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போக வேண்டியவளாக இருந்தால் அந்தப் பயணத்தை நினைத்தே பயப்படுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அந்த வாரம் பிரசவ தேதி குறித்திருந்த பெண்களின் வீட்டில் என்ன மனநிலை இருந்திருக்கும்?

பிரசவ காத்திருப்பு அறைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து தங்கச் சொல்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் அவள் வர மறுத்தால் காரணம் அறியாமை என்று எழுதிவிடுகிறோம். நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில், "மூத்த பிள்ளையை யாருங்க பாத்துக்குவா, ஆட்டை யாருங்க ஓட்டுவா" என்பதுதான். இதற்கு விழிப்புணர்வு நோட்டீஸ் பதில் ஆகாது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஆறு வி.எச்.என்.களும் நீங்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, அடுத்த இரண்டு மாதத்தில் தேதி இருக்கிற பெண்களின் பெயரை ஊர்வாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வண்டி யாருடையது, கூட வருவது யார், பிள்ளையையும் ஆட்டையும் பார்த்துக்கொள்வது யார், ரத்த வகை என்ன என்று எழுதுங்கள். ஏதாவது ஒன்று காலியாக இருந்தால் அந்த வீட்டுக்கு அந்த வாரமே போக வேண்டும். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் அடிவாரத்துப் பாதை, குப்பனூர்ப் பாதை இரண்டையும் மனதில் வைத்து எழுதுங்கள். அந்தத் தாள் உங்கள் கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். கணினியில் ஆர்.சி.எச். எண் என்கிற கர்ப்பிணிப் பதிவு எண் ஏறியிருக்கிறதா என்பதைவிட எனக்கு அந்தத் தாள் முக்கியம்.

கணினி என்றதும் நினைவுக்கு வருகிறது. சிக்னல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் நின்று பதிவேற்றுகிறார்கள் என்றால் அது அவர்கள் தலையெழுத்து இல்லை. வாரத்தில் அரை நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து எழுத அனுமதி வாங்கிக் கொடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வரவில்லை என்று ஊரார் திட்டுவது வி.எச்.என்.னைத்தான். பெரும்பாலும் ஆதார் இணைப்பிலோ வங்கிக் கணக்கிலோ சிக்கி நிற்கும். அந்தப் பட்டியலை வாங்கி வங்கியில் நீங்கள் ஒரு நாள் உட்காருங்கள். ஊர்க்காரர்கள் அவரை நம்புவதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். "நீ எப்ப மேடம் ஆன?" என்பது கோபம் மாதிரி கேட்கும். எனக்கு அதில் கோபத்தைவிடக் கஷ்டம்தான் கேட்கிறது. குடும்பத்துக்காக எழுதிக் கொடுத்துவிட்ட ஒன்றை, தான் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்த பெண் வாங்கிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறாள். அவர் இடத்தில் யார் இருந்தாலும் தாங்கக் கொஞ்ச நாள் ஆகும். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவருடைய துணை நிலையத்துக்கு நீங்கள் போங்கள், டீ போட்டுக் குடிக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். "அக்கா, உங்ககிட்ட கத்துக்கிட்டவ நான். இந்த மலை எனக்குப் புதுசு, உங்களுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது. சின்னப் பொண்ணு ஒருத்தி புதுசா வந்திருக்கா, அவளை ஒரு மாசம் உங்க கூட அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். ஒப்புக்காகக் கேட்கக் கூடாது, நிஜமாகவே அனுப்ப வேண்டும். எந்த வீட்டில் மாமியாரிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் கணவனிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஆனால் ஒன்று. அன்புக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயங்கள் உண்டு. தடுப்பூசியைக் கெடாமல் குளிரிலேயே வைத்துக் கொண்டுபோகும் குளிர்ச்சங்கிலி, பார்க்காமல் எழுதுவது, சிக்கலான கர்ப்பிணியைத் தெரிந்தும் சொல்லாமல் விடுவது. இந்த மூன்றில் அக்கா என்றும் தங்கை என்றும் கிடையாது. அதையும் அதே டீ நேரத்தில், தாழ்ந்த குரலில், வேறு யாரும் இல்லாதபோது சொல்லிவிடுங்கள்: "மத்ததுல நீங்க சொல்றபடி நான் கேக்கறேன் அக்கா. இந்த மூணுல மட்டும் நான் கேப்பேன், நீங்க சொல்லணும்." குரலை உயர்த்தாமல் உறுதியாக இருக்க முடியும். நோயாளியிடம் நீங்கள் 17 வருடம் அப்படித்தான் பேசியிருப்பீர்கள். கடிந்து பேச வராது என்பவருக்கு இது வரும்.

பேசாமல் இருக்கிற அந்த இருவருக்கு உபதேசம் செய்ய வேண்டாம். ஒரு பெண் படிப்பில் பெரியவள், ஒப்பந்த வேலை, நாளைக்கு இருப்போமா என்ற பயம். இன்னொருத்தர் அனுபவத்தில் பெரியவர், தன் நிலையத்தில் வேறொருத்தி நாற்காலி போட்டுவிட்டாளே என்ற வருத்தம். இருவருக்கும் பொதுவாக ஒரு நோயாளியைக் கொடுங்கள். கர்ப்பிணி ஒருத்திக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140-க்கு மேல் வந்தால், உணவையும் அளவையும் இளம்பெண் பார்க்கட்டும், வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்து மாமியாருக்குப் புரியவைப்பதை வி.எச்.என். செய்யட்டும். ஒரு பிரசவம் நல்லபடியாக முடிந்தால் பாதிப் பிரச்சினை முடியும். முடியாவிட்டால், யாருக்கு எந்த வேலை என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நண்பர்களாக வேண்டும் என்று அவசியமில்லை.

மாதக் கூட்டம் பற்றி எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கை குறைந்ததென்று கேட்டால் தலைகுனிந்து நிற்காதீர்கள், உங்கள் ஆட்கள் மேல் பழியைத் தள்ளவும் செய்யாதீர்கள். ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். எவ்வளவு குறைந்தது, எந்த ஊரில், என்ன காரணம், என்ன கிடைத்தால் சரியாகும். "நாகலூர்ப் பக்கம் நான்கு பேர் வரவில்லை, பறிப்புக் காலம், மாலை முகாமுக்கு வண்டி வேண்டும்" என்று சொல்லுங்கள். மலைப்பகுதிக்குத் துணை நிலையம் ஒன்றுக்கு 3,000 பேர், சமவெளிக்கு 5,000 பேர் என்று விதிமுறை இருப்பதற்கே காரணம் இந்தத் தூரமும் ஏற்றமும்தான். அதை நினைவுபடுத்துவது தவறில்லை. மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு எண்தான் போய்ச் சேர்கிறது, காரணம் போய்ச் சேர்வதில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் உங்களைத் தவிர யாரும் இல்லை.

செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுத்த காலத்தில் லிலியன் வால்டைப் பற்றிச் சொல்வேன். 1893-ல் நியூயார்க்கில், வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் வந்து, பிரசவமாகிக் கிடந்த தன் தாயைப் பார்க்க அவரை அழைத்துப் போனாள். குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தப் பகுதியின் நிலையைப் பார்த்தவர், அங்கேயே குடிபோய்விட்டார். பொதுச் சுகாதார செவிலியர் என்ற பெயரே அவர் வழியாக வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் செவிலியர் வேண்டும் என்று நகர அதிகாரிகளிடம் கேட்டு, 1902-ல் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை ஒரு மாதச் சோதனையாக அனுப்பிவைத்தார். அது பலித்ததும் நகரமே செலவை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்குள் பார்த்ததை மாடிப்படி ஏறிப்போய் அதிகாரியின் மேஜைவரை கொண்டுசென்றார். உங்கள் ஒரு தாளும் அதே வேலைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பதினெட்டு வயது ஆகாத பெண் கர்ப்பமாகப் பதிவுக்கு வருகிற நாள் உங்கள் பகுதியிலும் வரும், ஒருவேளை வந்தும் இருக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் அது குற்றம். ஆனால் ஊருக்குள்ளேயே தங்கி வேலை பார்க்கும் வி.எச்.என். அதைத் தனியாகச் செய்தால், மறுநாள் அவர் எந்தக் கதவையும் தட்ட முடியாது. சிலர் வயதைக் கூட்டி எழுதுகிறார்கள். சிலர் பதிவே செய்வதில்லை, அந்தப் பிள்ளை பரிசோதனையே இல்லாமல் பிரசவம்வரை போகிறாள். இந்த இடத்தில் நீங்கள் பின்னால் நிற்கக் கூடாது. மருத்துவ அலுவலரிடம் நீங்கள் பேசுங்கள், தகவல் நிலையத்தின் பெயரில் போகட்டும், அந்த வீட்டுக்கு வி.எச்.என். போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை ஒரு நாளும் நிற்காது என்று அவளிடமே சொல்லுங்கள். ஊர் கோபப்பட்டால் அந்தக் கோபம் உங்கள் மேல் வரட்டும். நீங்கள் சாயங்காலம் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டியவர்.

பதவியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி: இப்போது முடிவெடுக்காதீர்கள். இந்தப் பறிப்புக் காலம் முழுக்க ஒரு முறை இருந்து பாருங்கள். மலை மழையும் பார்த்துவிட்டீர்கள், இனி பனியும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஊசியும் வீடும்தான் உங்கள் மனசு என்று தோன்றினால் கீழே இறங்குவதில் ஒரு குறைவும் இல்லை. உங்கள் அக்கா செய்ததுதான் அது, அவர் நல்ல செவிலியராகவே இருக்கிறார். ஆனால் கூட்டத்தில் வாங்கிய ஒரு பேச்சுக்காக இறங்காதீர்கள்.

முதலில் அந்த வீட்டுப் பிரசவ ஊரின் வி.எச்.என்.னோடு ஒரு நாள் போய்வாருங்கள். நான்கு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள், அவரே சொல்கிறவரை காத்திருங்கள். பிறகு என்றாவது ஒரு பதிவேட்டில் 127/83 என்று யாரோ பார்த்து எழுதிய ஒரு எண் உங்கள் கண்ணில் படும். அன்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சமுதாய சுகாதார செவிலியர், அஸ்தம்பட்டி, சேலம்